ரேம் வேகம் பொருந்தாததால் நின்றுபோகும் கணினி: புதிய பாகம் வாங்கும் முன் செய்ய வேண்டியவை

ஏற்கெனவே இருந்த இரண்டு ரேம் (நினைவக) ஸ்டிக்குகளோடு வேறொரு நிறுவனத்தின் இரண்டு ஸ்டிக்குகளைச் சேர்த்துப் பொருத்திய நாளிலிருந்து, என் மேசைக் கணினி நாளுக்கு இரண்டு முறையாவது நீலத்திரையைக் காட்டி நின்றுபோகத் தொடங்கியது. கிராபிக்ஸ் டிரைவரை மாற்றினேன், விண்டோஸை இரண்டு முறை புதிதாக நிறுவினேன், கடைசியில் நன்றாக இருந்த பவர் சப்ளையைக் கழற்றி வைத்துவிட்டுப் புதிதாக ஒன்றும் வாங்கினேன். ஏழு வாரம் கழித்துச் சிக்கலைத் தீர்த்தது பயாஸில் (விண்டோஸ் எழும் முன் மதர்போர்டு ஓட்டும் அமைப்பு நிரல்) மாற்றிய ஓர் எண்தான்; அதற்குச் செலவு எதுவும் இல்லை. அந்த ஏழு வாரத்தில் நான் செய்திருக்க வேண்டியவற்றைச் செய்திருக்க வேண்டிய வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். இவற்றில் பெரும்பாலானவை மேசைக் கணினிக்கு உரியவை. மடிக்கணினிகளில் ரேம் வேகத்தை மாற்றும் வசதி பெரும்பாலும் இருக்காது என்பதால், அங்கே ஒன்று, இரண்டு, ஐந்து, ஆறு, ஏழு ஆகிய படிகள் மட்டும் போதும்.

தொடங்கும் முன் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். ரேம் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் 3600 அல்லது 6000 என்ற எண், அந்த ஸ்டிக் எந்தக் கணினியிலும் ஓடும் வேகம் அன்று. ஒவ்வொரு ஸ்டிக்கிலும் இருக்கும் எஸ்பிடி என்ற சிறு சில்லில் இரண்டு வகைத் தகவல்கள் எழுதப்பட்டிருக்கும். ஒன்று, ஜெடெக் என்ற தர அமைப்பு வகுத்த பாதுகாப்பான வேகங்கள். டிடிஆர்4 என்ற ரேம் தலைமுறை (அடுத்தது டிடிஆர்5) என்றால் இவை 2133 முதல் 3200 வரை இருக்கும், வோல்டேஜ் 1.2. மற்றொன்று, தயாரிப்பாளர் சோதித்து எழுதிவைத்த அதிவேக அமைப்பு; இதற்கு டிடிஆர்4 ஸ்டிக்குகள் பலவற்றில் 1.35 வோல்ட் தேவைப்படும். இந்த இரண்டாவதைத்தான் இன்டெல் எக்ஸ்எம்பி என்றும், டிடிஆர்5 வந்த பிறகு ஏஎம்டி எக்ஸ்போ என்றும் அழைக்கின்றன. சில மதர்போர்டுகளின் பயாஸில் இதே வசதி டிஓசிபி என்ற பெயரில் இருக்கும். பெயர் எதுவானாலும் அது ஓவர்கிளாக்கிங், அதாவது தர வேகத்தைத் தாண்டி ஓட்டும் வகையைச் சேர்ந்ததுதான். ஸ்டிக், பிராசஸருக்குள் இருக்கும் மெமரி கண்ட்ரோலர், மதர்போர்டு ஆகிய மூன்றும் ஒத்துழைத்தால் அந்த வேகம் நிற்கும். மூன்றில் ஒன்று தடுமாறினாலும் கணினி விழும்.

1. அறிகுறிகளை ஒரு தாளில் எழுதுங்கள் (இரண்டு நாள், செலவில்லை)

கணினி எப்போது நின்றது, அப்போது எந்த மென்பொருள் ஓடியது, திரையில் வந்த பிழைப் பெயர் என்ன என்று ஒவ்வொரு முறையும் எழுதிவையுங்கள். ஒரு டிரைவர் கெட்டிருந்தால், பெரும்பாலும் ஒரே பிழைப் பெயர் திரும்பத் திரும்ப வரும். ரேம் வேகம் பொருந்தாதபோது பெயர் மாறிக்கொண்டே இருக்கும்: இன்று மெமரி மேனேஜ்மென்ட், நாளை ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல், மறுநாள் பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்ட் ஏரியா. கனமான விளையாட்டு இரண்டு மணி நேரம் ஓடும். பிறகு உலாவியில் ஒரு தாவலைத் திறக்கும்போது கணினி நின்றுபோகும்.

என்னை விழிக்கவைத்த அறிகுறி வேறு. படங்கள் நிறைந்த ஒரு பெரிய ஜிப் கோப்பை விரித்தபோது கோப்பு சிதைந்துவிட்டது என்று பிழை வந்தது. எதையும் மாற்றாமல் அதே கோப்பை மறுபடி விரித்தேன். எந்தக் குறையும் இல்லாமல் விரிந்தது. மூன்றாம் முறை மீண்டும் பிழை, அதுவும் வேறொரு படத்தில். வட்டில் இருக்கும் கோப்பு நிமிடத்துக்கு ஒரு முறை கெட்டுத் திருந்தாது. இடையில் அதைத் தாங்கிய நினைவகம்தான் தவறியிருக்க வேண்டும். உங்களிடமும் பெரிய ஜிப் கோப்பு ஒன்று இருந்தால் இந்தச் சோதனையை ஐந்து முறை செய்து பாருங்கள். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவான ஈவென்ட் வியூவரைத் திறந்தால் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு சிவப்பில் வரிசையாக நிற்கும். அதில் பவர் என்ற சொல்லைப் பார்த்துத்தான் நான் பவர் சப்ளை வாங்கினேன். அந்தப் பதிவு சொல்வது, கணினி முறையாக மூடப்படாமல் நின்றுவிட்டது என்பதை மட்டும்தான். நீலத்திரையால் நின்றாலும், உறைந்துபோய் நீங்களே பொத்தானை அழுத்தி அணைத்தாலும் அதே பதிவுதான் வரும்.

2. தேவையான ஆவணங்களைத் திரட்டுங்கள் (ஒரு மணி நேரம்)

மதர்போர்டின் சரியான மாதிரிப் பெயரும் அதன் திருத்த எண்ணும் போர்டின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். அந்தப் பெயரை வைத்துத் தயாரிப்பாளரின் தளத்தில் பயனர் கையேட்டையும், ரேம் பொருத்தப் பட்டியலையும் இறக்கிக்கொள்ளுங்கள். பட்டியலில் உங்கள் ஸ்டிக்கின் பாக எண் இருந்தால் மட்டும் நிம்மதி அடைந்துவிட வேண்டாம்; அந்த வரியில் இரண்டு ஸ்டிக்குகளுக்கு மட்டும் டிக் இருக்கிறதா, நான்குக்கும் இருக்கிறதா என்ற கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். நான் அந்தக் கட்டத்தைப் பார்க்கவே இல்லை.

அடுத்து, பிராசஸர் தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தில் நினைவகத்துக்கு என்ன வேகத்தை உறுதி தருகிறார்கள் என்று பாருங்கள். ஸ்டிக்குகள் கூடக் கூட இந்த வேகம் குறையும் என்பது பலருக்குத் தெரியாது. டிடிஆர்4 ஏற்கும் ஏஎம்டியின் ரைசன் 5000 பிராசஸர் வரிசையில் இரண்டு ஸ்டிக்குகளுக்கு 3200 என்றால், நான்கு சிங்கிள் ரேங்க் (சில்லுகள் ஒரே தொகுதியாக உள்ள) ஸ்டிக்குகளுக்கு 2933, நான்கு டூயல் ரேங்க் (இரண்டு தொகுதியாக உள்ள) ஸ்டிக்குகளுக்கு 2667 மட்டுமே. டிடிஆர்5 ஏற்கும் ரைசன் 7000 வரிசையில் சரிவு இன்னும் பெரிது: இரண்டுக்கு 5200, நான்குக்கு 3600. 6000 என்று அச்சிட்ட நான்கு ஸ்டிக்குகளை வாங்கி நிரப்பிவிட்டு எக்ஸ்போவை இயக்குகிறவர், உறுதி தரப்பட்டதைவிட மிக உயர்ந்த வேகத்தைக் கேட்கிறார் என்பதை இந்த ஒரு வரி காட்டிவிடும்.

மூன்றாவது ஆவணம் ரேம் வாங்கிய ரசீது. திருப்பிக் கொடுக்கும் கெடு எந்தத் தேதியோடு முடிகிறது என்று ரசீதின் மேலேயே எழுதிவையுங்கள். என் ஏழு வாரத்தில் அந்தக் கெடு முதலிலேயே கடந்துவிட்டது.

நான்காவது, விண்டோஸ் வட்டு பிட்லாக்கர் கொண்டு பூட்டப்பட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்புத் திறவுகோல். பயாஸ் அமைப்புகளை மாற்றினாலோ பயாஸைப் புதுப்பித்தாலோ அடுத்த முறை கணினி எழும்போது இதைக் கேட்கக்கூடும். பூட்டியது தங்களுக்கே தெரியாமல் இருப்பவர்கள் உண்டு. ஆகவே அமைப்புகளில் பார்த்து, பூட்டு இருந்தால் திறவுகோலைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு தொடருங்கள்.

3. அதிவேக அமைப்பை அணையுங்கள். அதன் பிறகே காப்புப் பிரதி எடுங்கள்

எதைத் தொடும் முன்னும் காப்புப் பிரதி எடுக்கச் சொல்வது வழக்கம். இந்தச் சிக்கலில் மட்டும் அந்த வரிசை தவறு. தடுமாறும் நினைவகத்தின் வழியாகத்தான் ஒவ்வொரு கோப்பும் வெளி வட்டுக்குப் போகிறது. நல்ல கோப்பு பிரதியாகும்போதே சத்தமில்லாமல் சிதையலாம், பழைய நல்ல பிரதியின் மேல் அந்தச் சிதைந்தது எழுதப்படவும் கூடும். எனக்கு அப்படிப் போன படங்கள் சில உண்டு.

எனவே முதலில் பயாஸுக்குள் செல்லுங்கள். கணினி எழும்போது டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தொடர்ந்து தட்டினால் பெரும்பாலான போர்டுகளில் திறக்கும். எக்ஸ்எம்பி, எக்ஸ்போ, டிஓசிபி எந்தப் பெயரில் இருந்தாலும் அதை டிசேபிள் செய்து, சேமித்து வெளியேறுங்கள். நினைவகம் இப்போது ஜெடெக் வேகத்துக்கு இறங்கும். வெவ்வேறு ஸ்டிக்குகள் இருந்தால் அவற்றுள் மெதுவானதன் வேகத்துக்கு எல்லாமே இறங்கும். டிடிஆர்5 கணினிகளில் ரேம் அமைப்பை மாற்றியதும் முதல் முறை எழுவதற்குப் பல நிமிடங்கள் கறுப்புத் திரையாகவே இருக்கும். மெமரி டிரெய்னிங் என்ற இந்த வேலை நடக்கும்போது பொறுமை இழந்து மின்சாரத்தை நிறுத்துபவர்கள்தான் அதிகம். குறைந்தது 15 நிமிடம் கைகட்டிக் காத்திருங்கள்.

கணினி எழவே இல்லை என்றால் பயாஸ் நினைவைத் துடைக்க வேண்டும். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, கையேட்டில் காட்டிய இரண்டு ஊசிகளைச் சில நொடி இணைக்கலாம். அல்லது சிஆர்2032 என்ற காசு வடிவ மின்கலத்தைக் கழற்றிச் சில நிமிடம் வைத்திருந்து மீண்டும் போடலாம்.

விண்டோஸுக்குள் வந்ததும் பவர் அமைப்புகளில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்துங்கள். அது இயங்கும்போது ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் தன் உட்பகுதியை வட்டில் எழுதிவைத்து அதையே திரும்ப ஏற்றும்; சிதைந்த நிலையில் எழுதப்பட்டது மறுநாளும் உயிரோடு வரும். இவ்வளவும் முடிந்த பிறகு, புதிய வெளி வட்டிலோ புதிய கோப்புறையிலோ பிரதி எடுங்கள். பழைய பிரதியை அழிக்க வேண்டாம்.

இந்த நிலையில் கணினியை நான்கைந்து நாள் வழக்கம்போல் பயன்படுத்துங்கள். ஒரு முறைகூட நிற்கவில்லை என்றால் ரேம் வேகத்தின் மேல் சந்தேகம் உறுதியாகிறது. இப்போதும் நிற்கிறது என்றால் வேகம் மட்டும் காரணம் அன்று. ஒரு ஸ்டிக்கே பழுதாகியிருக்கலாம், ஆறாம் படி அதைக் காட்டும்.

இந்தப் படியில் நான் ஏமாந்த விதத்தையும் சொல்ல வேண்டும். நான்காம் வாரத்தில் பயாஸைப் புதுப்பித்தேன். பதினொரு நாள் கணினி நிற்கவே இல்லை. புதிய பயாஸ்தான் குணப்படுத்தியது என்று நம்பி எக்ஸ்எம்பியை மீண்டும் இயக்கினேன். அன்று மாலையே நீலத்திரை. புதுப்பிப்பு பயாஸ் அமைப்புகள் எல்லாவற்றையும் தொடக்க நிலைக்குத் தள்ளியதில் எக்ஸ்எம்பியும் அணைந்திருந்தது என்பதை நான் கவனிக்கவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதைத் தேதியோடு எழுதுங்கள்.

4. எந்த ஸ்டிக்கில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்

சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் எஸ்பிடி தாவலைத் திறந்து ஸ்லாட் ஸ்லாட்டாகப் பாருங்கள். பாக எண், ரேங்க், ஜெடெக் வேகங்கள், எக்ஸ்எம்பி வேகம், டைமிங் (தரவைத் தரும் முன் ரேம் எடுக்கும் துடிப்புகளின் எண்ணிக்கை; அதன் முதல் எண்தான் சிஎல்), வோல்டேஜ் எல்லாம் ஸ்டிக்குக்கு ஒன்றாகக் கிடைக்கும். நான்கையும் ஒரு தாளில் அருகருகே எழுதுங்கள். என் தாளில் முதல் இரண்டும் 3200, சிஎல்16. அடுத்த இரண்டும் 3600, சிஎல்18. என் போர்டு இந்த நான்குக்கும் சேர்த்து 3600 என்ற அமைப்பைத் திணித்திருந்தது. 3200-க்குச் சோதிக்கப்பட்ட இரண்டு ஸ்டிக்குகள் தங்களால் இயலாத வேகத்தில் ஏழு வாரத்தின் பெரும்பகுதி ஓடியிருக்கின்றன.

மெமரி தாவலில் 1600 என்று பார்த்துவிட்டு 3200 ரேம் பாதி வேகத்தில் ஓடுகிறது என்று பதற வேண்டாம். டிடிஆர் நினைவகம் ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவை அனுப்புகிறது. 1600-ன் இரு மடங்குதான் பெட்டியில் உள்ள 3200. டாஸ்க் மேனேஜர் இரு மடங்கான எண்ணையே காட்டும்.

பாக எண் ஒன்றாக இருந்தாலே ஸ்டிக்குகள் ஒன்றுதான் என்று முடிவு செய்துவிடவும் முடியாது. அதே மாதிரியில், பின்னர் வந்த தொகுதியில் வேறு நிறுவனத்தின் சில்லுகள் இருக்கலாம். டார்ச் ஒளியில் ஸ்டிக்கரைப் பாருங்கள். சில நிறுவனங்கள் பாக எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு பதிப்பு எண்ணைப் போடுகின்றன. இரண்டு ஸ்டிக்குகளிலும் அது வேறாக இருந்தால் இரண்டும் வெவ்வேறு ரேம் என்றே கொள்ளுங்கள்.

5. ஸ்லாட்டுகளைச் சரிபாருங்கள்

கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, உலோகப் பெட்டியைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டுத் தொடங்குங்கள். நான்கு ஸ்லாட்டுகள் உள்ள போர்டில் இரண்டு ஸ்டிக்குகள் மட்டும் என்றால், பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுவதே பெரும்பாலான கையேடுகள் சொல்வது. முதல் இரண்டில் அடுத்தடுத்துப் போட்டால் பெரும்பாலான போர்டுகளில் இரண்டும் ஒரே சேனலில் (பிராசஸருக்குச் செல்லும் தரவுப் பாதையில்) உட்கார்ந்துவிடும். ஸ்டிக் முழுவதும் இறங்கிக் கொக்கி சொடுக்கும் ஒலி கேட்க வேண்டும். ஒரு பக்கக் கொக்கி மட்டும் உள்ள போர்டுகளில் மறுமுனை அரை மில்லிமீட்டர் தூக்கி நிற்பது கண்ணுக்கே தெரியாது.

6. ஜெடெக் வேகத்தில் ரேமைச் சோதியுங்கள் (ஓர் இரவு, ஒரு யுஎஸ்பி டிரைவ்)

விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் மெமரி டயக்னாஸ்டிக் கருவி மேலோட்டமானது. அது பிழை சொன்னால் நம்புங்கள், பிழையில்லை என்றால் நம்ப வேண்டாம். மெம்டெஸ்ட்86 மென்பொருளை யுஎஸ்பி டிரைவில் எழுதி அதிலிருந்து கணினியை எழுப்புங்கள். யுஎஸ்பியில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். இலவசப் பதிப்பு நான்கு சுற்று வரை ஓடும், அது போதும். ரேம் அளவைப் பொறுத்துப் பல மணி நேரம் ஆகும் என்பதால் படுக்கப் போகும் முன் தொடங்கிவிடுவது வசதி.

ஒரே ஒரு பிழை வந்தாலும் அது தோல்விதான். ஜெடெக் வேகத்திலேயே பிழை வந்தால் ஸ்டிக்குகளை ஒவ்வொன்றாகத் தனியே, ஒரே ஸ்லாட்டில் போட்டுச் சோதியுங்கள். ஒரு ஸ்டிக் மட்டும் தோற்றால் அது பழுது. எல்லாமே அந்த ஸ்லாட்டில் தோற்று வேறு ஸ்லாட்டில் தேறினால் சந்தேகம் போர்டின் மேல் போகிறது. டிடிஆர்5 சில்லுக்குள்ளேயே பிழை திருத்தும் வசதி இருக்கிறதே என்ற வாதத்தை நம்பி இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். அது சில்லுக்குள் நேரும் பிழையைத் திருத்தும், சில்லுக்கும் பிராசஸருக்கும் நடுவே வேகத்தால் நேரும் பிழையை அன்று.

7. கெட்டுப்போனவற்றைச் சரிசெய்யுங்கள்

ரேம் தேறிய பிறகு, வேகத்தை ஏற்றும் முன் இதைச் செய்யுங்கள். தவறான நினைவகத்தோடு ஓடிய நாட்களில் விண்டோஸின் சொந்தக் கோப்புகளும் சிதைந்திருக்கக்கூடும். நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து சிஸ்டம் ஃபைல் செக்கரையும், பிறகு வட்டுச் சோதனையையும் ஓட்டுங்கள். அந்த நாட்களில் புதிதாக நிறுவிய மென்பொருள்களை நீக்கி மறுபடி நிறுவுவது நல்லது. நான் விண்டோஸை இரண்டு முறை புதிதாக நிறுவியதும் வீணானது இதனால்தான்: நிறுவும்போதே ரேம் தடுமாறிக்கொண்டிருந்தது.

8. வேகத்தைப் படிப்படியாக ஏற்றுங்கள் (ஒரு வாரம்)

இப்போது கணினி நிற்காமல் ஓடுகிறது, ஆனால் மெதுவான வேகத்தில். அலுவல் வேலைக்கும் உலாவலுக்கும் இதற்கு மேல் தேவையே இல்லை என்பது என் கருத்து. உங்களுக்கும் அப்படித் தோன்றினால் இங்கேயே நிறுத்திவிடுங்கள். விளையாட்டு அல்லது படத்தொகுப்புக்காக வேகம் வேண்டும் என்றால் தொடருங்கள்.

எல்லா ஸ்டிக்குகளும் ஒரே பெட்டியில் வந்தவை என்றால் எக்ஸ்எம்பியை இயக்கிவிட்டு, வேகத்தை மட்டும் கையால் ஒரு படி குறையுங்கள். டைமிங்கும் வோல்டேஜும் எக்ஸ்எம்பி சொன்னபடியே இருக்கட்டும். 3600 நிற்கவில்லை என்றால் 3466, அதுவும் இல்லை என்றால் 3333, பிறகு 3200. ஒரே டைமிங்கில் வேகம் குறையக் குறைய ஸ்டிக்குக்குக் கிடைக்கும் அவகாசம் கூடுகிறது.

கலப்பு ஸ்டிக்குகள் என்றால் எக்ஸ்எம்பியைத் தொடவே வேண்டாம். எல்லாவற்றையும் கையால் எழுதுங்கள். நான்காம் படியில் எழுதிய தாளை எடுத்து, வேகத்தில் மிகக் குறைந்ததையும், டைமிங்கின் ஒவ்வொரு வரியிலும் மிகப் பெரிய எண்ணையும் தேர்ந்தெடுங்கள். வோல்டேஜ், ஸ்டிக்குகளின் லேபிளில் உள்ளவற்றுள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஏற்கத்தக்கதாக இருக்க வேண்டும், 1.2 வோல்ட் மட்டும் எழுதிய சாதாரண ஸ்டிக் ஒன்று கூட்டத்தில் இருந்தால் 1.35-க்கு ஏற்றாமல் ஜெடெக் வேகத்திலேயே விட்டுவிடுங்கள். பெரிய சிஎல் எண் என்றால் ரேம் மட்டம் என்ற அச்சம் தேவையில்லை. சிஎல்லை வேகத்தால் வகுத்து 2000-ஆல் பெருக்குங்கள், உண்மையான தாமதம் நானோ நொடியில் கிடைக்கும். 3200 சிஎல்16-க்கு 10. 3600 சிஎல்18-க்கும் அதே 10. பெட்டிகள் வேறாகத் தெரிந்தாலும் என் நான்கு ஸ்டிக்குகளும் இந்த ஒரு கணக்கில் அவ்வளவு தொலைவில் இல்லை.

தாளிலிருந்து தேர்ந்தெடுத்தபடி நான் 3200, சிஎல்18 என்று எழுதிப் பார்த்தேன். மெம்டெஸ்ட் தேறியது, மூன்றாம் நாள் கணினி நின்றது. பிராசஸர் தயாரிப்பாளர் நான்கு ஸ்டிக்குகளுக்குச் சொன்ன 2933-க்கு இறக்கினேன். அதன் பிறகு நிற்கவில்லை.

மெம்டெஸ்ட் தேறியும் கணினி நிற்பது ஏன் என்றால், அந்தச் சோதனையின்போது கிராபிக்ஸ் அட்டை சும்மா இருக்கிறது, பெட்டிக்குள் வெப்பம் ஏறுவதில்லை. எனவே ஒவ்வொரு படிக்கும் மெம்டெஸ்ட்டோடு நிற்காமல், விண்டோஸுக்குள் பிரைம்95 மென்பொருளின் பிளெண்ட் சோதனையைச் சில மணி நேரம் ஓட்டி, பிறகு மூன்று நாளாவது வழக்கமான பயன்பாட்டில் பாருங்கள். படிக்கு மூன்று நாள் என்று கணக்கிட்டால் இரண்டு படி ஏற ஒரு வாரம் ஆகிவிடும். ஒரே மாலையில் ஐந்து படி ஏறினால் எந்தப் படியில் தவறியது என்று தெரியாது.

வோல்டேஜைக் கூட்டிக் கூட்டி நிற்கவைக்கும் ஆலோசனைகளைப் பார்ப்பீர்கள். புதியவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். குறிப்பாக ரைசன் 7000 கணினிகளில் எஸ்ஓசி வோல்டேஜை (பிராசஸருக்குள் மெமரி கண்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போவது) ஏற்றுவது விளையாட்டன்று. 2023-ல் சில பிராசஸர்கள் எரிந்துபோன பிறகு ஏஎம்டி அதை 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாதபடி கட்டுப்படுத்தியது. அதற்கு முந்தைய பயாஸ் இருந்தால், எக்ஸ்போவை இயக்கும் முன் புதுப்பித்துவிடுங்கள்.

9. திருப்பிக் கொடுக்கவோ மாற்றவோ நேர்ந்தால்

ஜெடெக் வேகத்திலேயே தோற்ற ஸ்டிக் என்றால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. மெம்டெஸ்ட் அறிக்கையைச் சேமித்து, ஸ்டிக்கரின் தெளிவான படம், ரசீது ஆகியவற்றோடு அனுப்புங்கள். விவரத்தில் ஜெடெக் வேகம், ஒற்றை ஸ்டிக், எந்த ஸ்லாட் என்று எழுதினால் எக்ஸ்எம்பியை அணைத்துப் பார்த்தீர்களா என்ற முதல் கேள்வியில் ஒரு வாரம் கழியாது. எக்ஸ்எம்பி வேகத்தில் மட்டும் நிற்காத ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுப்பது கடினம். வேறு ஸ்டிக்குகளோடு கலந்து போட்டிருந்தால் இன்னும் கடினம். ஓவர்கிளாக்கிங் செய்தால் பிராசஸர் உத்தரவாதம் பாதிக்கப்படலாம் என்று இன்டெல், ஏஎம்டி இரண்டுமே எச்சரிக்கின்றன என்பதையும் மறக்க வேண்டாம்.

இரண்டு ஸ்டிக்குகள் ஒரே பெட்டியில் வந்திருந்தால், ஒன்று மட்டும் பழுதானாலும் இரண்டையும் சேர்த்து அனுப்பி இரண்டையும் மாற்றிக் கேளுங்கள். தனியாக ஒன்று மட்டும் மாற்றி வந்தால் வேறு தொகுதியின் சில்லோடு வரலாம், நீங்கள் மறுபடியும் நான்காம் படியில் தாளும் டார்ச்சுமாக நிற்க வேண்டியிருக்கும்.